தின்னர் துணி சொல்லும் ரகசியம்

பழைய புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் பெயின்ட் உரிந்துவிட்டால் உரிமையாளருக்கு நிறம்தான் கவலை. அனுபவமுள்ள பெயின்டருக்கோ, இருக்கிற பெயின்ட் எந்த வகையில் காய்ந்தது என்பது முதலில் தெரியவேண்டும். டேங்கின் அடியில், கண்ணில் படாத இடத்தில், தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பார். துணியில் நிறம் ஒட்டினால் அது லாக்கர். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் சூட்டில் வெந்த எனாமல்.

லாக்கர் காயும்போது வேதிமாற்றம் ஏதும் நடப்பதில்லை. கரைப்பான் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த நைட்ரோசெல்லுலோஸ் படலமாகத் தங்கிவிடும். அவ்வளவுதான். 1920-களில் டியூபான்ட் நிறுவனத்தின் டூகோ லாக்கர் வந்தபோது, கார் பெயின்ட் காய வாரக்கணக்கில் காத்திருந்த காலம் முடிந்தது. ஆனால் போன கரைப்பான் திரும்பி வந்தால், ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தப் படலம் இளகும்.

எனாமல் அப்படியல்ல. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகிவிடுகின்றன. வெந்த முட்டை மறுபடி திரவமாவதில்லை. அதன்மேல் லாக்கர் அடித்தால் தின்னர் உள்ளே ஊறி வலையை உப்பச் செய்யக்கூடும். அடிப்பக்கத்தைத் தகடு பிடித்திருப்பதால் அது பக்கவாட்டில் விரிய வழியில்லை. அதனால் மேலே எழும்பிச் சுருக்கம் சுருக்கமாக மடங்கும்.

சேதம் எங்கே தொடங்கியது என்பதும் ஒரு தடயம். மூடியைச் சுற்றிப் பெயின்ட் இளகியிருந்தால் வழிந்த பெட்ரோலைச் சந்தேகிக்கலாம். இப்போதைய இ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலோ லாக்கர் தின்னர்களிலேயே சேரும் பொருள். அடித்தையல் ஓரம் கொப்புளம் என்றால் நோய் உள்ளே இருக்கக்கூடும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் நீராகி, பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். அந்த நீரால் தகடு உள்ளிருந்தே துருப்பிடித்து அரிக்கும். தகட்டில் ஊசித்துளை விழுந்தால் கசியும் பெட்ரோல் பெயின்ட்டைத் தூக்கிவிடும்.

துளையை அடைக்க நெருப்பு வைக்குமுன் ஓர் எச்சரிக்கை. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். காலி டேங்குதான் அந்தக் கலவைக்கு வசதியான இடம். நன்றாகக் கழுவி, பெரும்பகுதி தண்ணீர் நிரப்பாமல் விவரமறிந்தவர்கள் பற்றவைப்பதில்லை.

பிறகுதான் வாட்டர் பேப்பர். உரிந்த இடத்தின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்கும்போது நிறம், பிரைமர், தகடு என்று வளையம் வளையமாகத் தெரியும். எல்லாம் சேர்ந்து ஒரு தலைமுடித் தடிமன் அளவுக்குத்தான். கண்ணுக்குத் தப்பிய மேட்டை விரல்நுனி கண்டுபிடித்துவிடும். வெயிலில் வெளுக்காத அசல் நிறம் முழங்கால் ரப்பருக்கு அடியில் கிடைக்கும். தங்கக் கோடுகளையும் முன்னதாகவே டிரேசிங் தாளில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். புல்லட் உருவான திருவொற்றியூர் ஆலையில் அவற்றைக் கையால் தூரிகை பிடித்து இழுத்தார்கள். இரண்டு டேங்குகள் அச்சாக ஒன்றுபோல இருக்காது.

கடைசியில் எந்தப் பெயின்ட்? ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட் பெட்ரோலைத் தாங்கும். ஆனால் நாளை கீறல் விழுந்தால் புதுப்பூச்சு பழையதன்மேல் ஒட்டி நிற்குமே தவிர, அதோடு கலக்காது. லாக்கரில் புதியது பழையதை இளக்கி ஒன்றாகிவிடும். பெட்ரோலுக்குத் தோற்கும் அதே குணம்தான் அதைத் தடம் தெரியாமல் பழுதுபார்க்க விடுகிறது. தினமும் ஓட்டும் வண்டிக்கு 2கே, அசல் லாக்கரைக் காப்பாற்ற நினைத்தால் லாக்கர்.