மடிப்பும் சொல்லும்: தாள் மடிப்புக் கலை குறித்துச் சில எண்ணங்கள்

ஜப்பானிய மொழியில் ‘ஒரி’ என்பது மடித்தல். ‘கமி’ என்பது தாள். இரண்டும் கூடுகையில் இரண்டாம் சொல்லின் ககரம், ‘தங்கம்’ என்பதிலுள்ள ககரம்போல் ஒலிக்கிறது. அச்சொல்லையே நாம் நெடிலாக்கி ‘ஓரிகாமி’ என வழங்குகிறோம். ‘கமி’ என்ற ஒலிக்குத் தெய்வம் என்னும் பொருளும் உண்டு. அதனால் தாளைத் தெய்வமாகக் கருதியே இக்கலை பிறந்தது என்பார் உளர். எழுத்தும் வேறு, அழுத்தமும் வேறு. தமிழில் ‘மடி’ என்பது வளைதலையும் சோம்பலையும் இறத்தலையும் ஒருங்கே குறிப்பதைக் கொண்டு, இவற்றை ஒரே வேரில் சேர்ப்போமா?

தாள் செய்யும் நுட்பத்தைக் கொரியத் துறவி ஒருவர் 610இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார் என அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் கூறும். கோயில் கயிறுகளில் தொங்கும் மடித்த வெண்தாள், பரிசுப் பொருள்மேல் வைக்கும் மடிப்பு என அது சடங்கில் வேரூன்றியது. ‘ஓரிகாமி’ என்ற சொல்லோ, நெடுங்காலம் மடித்த ஆவணத்தையே குறித்தது. வாளின் தரத்துக்குச் சான்றளிக்கும் தாளும் அதுவே. இன்றும் ‘ஓரிகாமி உடையது’ என்றால் அம்மொழியில் ‘தரம் உறுதியானது’ என்று பொருள். 1797இல் கியோத்தோவில் வெளிவந்த நூலொன்று, ஒரே தாளில் இணைந்த கொக்குகளை மடிக்கும் 49 முறைகளைக் காட்டிற்று.

ஆயிரம் ஆண்டு வாழ்வதாக ஜப்பானியர் போற்றும் அப்பறவை, 1955இல் கதிர்வீச்சு நோயால் மாண்ட ஹிரோஷிமாச் சிறுமி சதாகோ சசாகிக்குப் பின் அமைதியின் அடையாளமாயிற்று. சயாம் இரயில் பாதைக்கு உறவுகளைப் பறிகொடுத்த தோட்டக் குடும்பங்களின் கொள்ளுப்பேரர்களும் இன்று அதனை மடிக்கிறார்கள். தமிழில் அதற்குப் பெயர் எது? கொக்கு என்றால் திருக்குறள் காட்டும், காலம் பார்த்து ஒடுங்கியிருக்கும் பறவையே நினைவில் எழும். தூது செல்லும் நாரையே பொருந்தும் என்பது நம் கருத்து.

இக்கலை முழுவதும் ஜப்பானுடையது என்பதும் அரைகுறை உண்மையே. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெலின் மழலையர் கல்வியிலும் தாள் மடிப்பு இருந்தது. அக்கல்விமுறை 1876இல் தோக்கியோவை அடைந்தது. சென்னையையும் அது எட்டியிருந்தது. சென்னை மாகாண அரசுப் பணியாளர் தி. சுந்தர ராவ், தாள் மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலை 1893இல் சென்னையில் வெளியிட்டார். அதற்குத் தூண்டுகோல் மழலையர் பள்ளித் தாள் மடிப்பே என முன்னுரையில் அவரே குறித்தார். சதுரத் தாளின் நான்கு மூலைகளையும் நடுவே மடித்தால் பாதிப் பரப்புள்ள சதுரம் கிடைக்கும். மீண்டும் மடித்தால் கால், பின்னர் அரைக்கால். முடிவிலாத் தொடர் ஒன்று, கவராயமும் இன்றிக் குழந்தையின் கையில் விரிகிறது. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைச் சுட்டியபின், 1901இல் அது சிக்காகோவில் மறுபதிப்புக் கண்டது. கனமூலத்தை மடிப்பால் பெற இயலாதென ராவ் கருதினார். இயலும் என்பதை இத்தாலியப் பெண் கணித அறிஞர் பெலோக் 1936இல் நிறுவினார்.

ராவின் நூல் ஆங்கிலத்தில் பிறந்தது. அதனைத் தமிழில் கற்பிக்கச் சொல் வேண்டாவா? புடவையின் கொசுவமும் மளிகைக் கடைப் பொட்டலமும் நம்மிடம் உள்ளனவே. முன்னும் பின்னுமாக அடுக்கும் மடிப்பைக் ‘கொசுவ மடிப்பு’ எனலாம். விளிம்பு மேலெழுவது ‘மேட்டு மடிப்பு’, உள்ளே குழிவது ‘பள்ள மடிப்பு’. மூலைகளை நடுவே கூட்டுவதைப் ‘பொட்டல மடிப்பு’ என்று சொன்னால், ஜொகூர்ப் பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது.