தன்னுடல் தாக்கு நோய்களில் தைமஸ் சுரப்பி வீக்கம்: பழவேற்காட்டு மீனவர் நலன் நோக்கில் நோயறிதல் நெறி

ஆய்வுச் சுருக்கம்
தன்னுடல் தாக்கு நோயுடையோரின் மார்புப் படத்தில் தைமஸ் சுரப்பி பெருத்துக் காணப்படின், அது கட்டியா மிகைவளர்ச்சியா எனப் பிரித்தறியும் நெறியினை இக்கட்டுரை விளக்குகிறது. பழவேற்காட்டு மீனவ ஊர்களுக்கு அது பொருந்துமாற்றையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தைமஸ், மிகைவளர்ச்சி, தைமோமா, மயஸ்தீனியா கிராவிஸ், பழவேற்காடு

முன்னுரை
மார்பெலும்பின் பின்புறம் அமைந்துள்ள தைமஸ், டி வகை வெள்ளணுக்கள் முதிர்ச்சி பெறும் இடமாகும். பூப்புப் பருவத்திற்குப் பின் இது படிப்படியாகச் சுருங்கிக் கொழுப்பால் நிரம்பும். எனவே நடுத்தர வயதினரிடம் இது பெருத்திருப்பின் கட்டியோ என ஐயுறுதல் இயல்பே. எனினும் அவ்வையத்தின் பேரில் உடனடியாக மார்பைத் திறப்பது சிலருக்குத் தேவையற்ற அறுவையாக முடியும்.

வீக்கத்தின் வகைகள்
மிகைவளர்ச்சி இருவகைப்படும். வேதிச்சிகிச்சை, தீக்காயம் முதலியவற்றிலிருந்து உடல் மீளும்போது, சுருங்கிய சுரப்பி மீண்டும் பெருப்பது ஒன்று. மயஸ்தீனியா கிராவிஸ், கிரேவ்ஸ் முதலிய நோய்களில் சுரப்பிக்குள் நிணநீர் நுண்ணறைகள் பெருகுவது மற்றொன்று. பின்னதில் சுரப்பியின் அளவு மாறாதிருத்தலும் உண்டு. மயஸ்தீனியா நோயாளிகளுள் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்குத் தைமோமா எனும் கட்டி காணப்படுகிறது. ஆதலின் அளவை மட்டும் கொண்டு முடிவு காண இயலாது.

பிரித்தறியும் முறை
சி.டி. படத்தில் சுரப்பி தன் முக்கோண வடிவம் மாறாது சீராகப் பெருத்திருப்பின் மிகைவளர்ச்சி எனவும், ஒருபுறம் உருண்டு புடைத்திருப்பின் கட்டி எனவும் கருதுவர். ஐயம் தீராதபோது வேதிப்பெயர்ச்சி எம்.ஆர்.ஐ. துணைபுரியும். இதில் நீர், கொழுப்பு ஆகியவற்றின் சைகைகள் கூடும் நிலையிலும் ஒன்றையொன்று கழிக்கும் நிலையிலும் படமெடுத்து ஒப்பிடுவர். மிகைவளர்ச்சியுற்ற திசுவில் கொழுப்பு ஊடுருவியிருப்பதால் இரண்டாம் படத்தில் சுரப்பி கருமையடையும். தைமோமாவில் அம்மாற்றம் நிகழாது. தசையோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படும் இவ்விகிதம், 2007இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், மிகைவளர்ச்சியில் சராசரியாக 0.61 எனவும் கட்டியில் 1.03 எனவும் அமைந்தது. சிறாரிடமும் இளையோர் சிலரிடமும் சுரப்பியில் கொழுப்பு குறைவாதலின், கருமையடையாமை ஒன்றே கட்டிக்குச் சான்றாகாது.

முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். கிரேவ்ஸ் நோயில் தைராய்டுச் சுரப்பைக் கட்டுப்படுத்தினால் தைமஸ் பெரும்பாலும் தானே சுருங்கும். காத்திருந்து மறுபடம் எடுத்தலே தகும். மயஸ்தீனியாவிலோ, கட்டியில்லாதபோதும் குறிப்பிட்ட எதிர்ப்பொருள் உடையோருக்குச் சுரப்பியை அகற்றுதல் நன்மை தருவதை 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது.

பழவேற்காட்டுச் சூழல்
வலை இழுக்கும் கை சோர்வதும் மாலையில் இமை தாழ்வதும் கடுந்தொழில் புரிவோரிடம் உழைப்பின் களைப்பாகவே கொள்ளப்படலாம். இமைத்தாழ்வும் இரட்டைப் பார்வையும் வெறுங்களைப்பினின்று மயஸ்தீனியாவை வேறுபடுத்தும் குறிகள். ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு வழக்கில், சென்னைக்குச் செல்லும் ஒவ்வொரு பயணமும் ஒருவரது முறையை இழக்கச் செய்யக்கூடும். ஆதலின் இக்குறிகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இனங்காணுதலும், எதிர்ப்பொருள் சோதனையையும் படமெடுப்பையும் ஒரே பயணத்தில் முடித்தலும் இன்றியமையாதன.

முடிவுரை
தைமஸ் வீக்கத்தில் அளவினும் வடிவமும் கொழுப்பும் அடிப்படை நோயுமே சான்றாவன. இவற்றை வரிசைப்படி ஆராய்ந்தால் தேவையற்ற அறுவையும் தவறவிட்ட கட்டியும் குறையும்.