மழையில் எந்த டயர் முதலில் நிற்கும்?

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தளத்தில் ஃபார்முலா 1 பந்தயம். ஒத்திகைச் சுற்று முடிந்ததும், இருபது கார்களில் பதினான்கு கார்கள் பந்தயத்தைத் தொடங்காமலே ஒதுங்கிவிட்டன. பதினான்கிலும் மாட்டியிருந்தவை மிஷெலின் டயர்கள். அந்தத் தளத்தின் சாய்வான பதின்மூன்றாவது வளைவில் இடது பின்பக்க டயர் தாங்காது என்பது பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் மாட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1இல் புள்ளி எடுத்த முதல் இந்தியர் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டு நடந்த மற்ற 18 பந்தயங்களிலும் வென்றவை மிஷெலின் டயர் மாட்டிய கார்கள்தான். பதினெட்டுத் தளங்களில் முந்திய டயர் ஒரு வளைவில் தோற்றது. எந்தச் சாலைக்கு என்று சொல்லாமல் ‘எது சிறந்த டயர்’ என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

நம் சாலை எப்படிப்பட்டது?

உடுமலைப் பக்கமுள்ள கொமரலிங்கத்தில் கிளம்பும் கார் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஊர்ச்சாலையில் வேகத்தடைகளைத் தாண்டிப் போகிறது. பிறகு பழனி, பொள்ளாச்சி செல்லும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுக்கிறது. விடுமுறை என்றால் உடுமலை வழியாக ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் கடந்து சின்னாறு, மறையூர், மூணாறு என்று மலையேறுகிறது. சித்திரையில் தார் கை வைக்க முடியாத சூட்டில் கிடக்கும். ஐப்பசியில் அதே தார்மேல் தண்ணீர் ஓடும். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சாலை வழுக்கும். இத்தனைக்கும் ஒரே டயர்தான் ஈடுகொடுக்க வேண்டும்.

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பலர் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் தனித்தனி செட் டயர் மாட்டுகிறார்கள். சுமார் 7 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும் என்பதே காரணம். அந்தக் கவலை நமக்குப் பெரும்பாலும் இல்லை. நாம் கவலைப்பட வேண்டியவை சூடும் தண்ணீரும்.

மூன்று வகை, மூன்று வேலை

கடையில் கிடைக்கும் கார் டயர்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் வகை நீண்ட நாள் உழைப்பதற்கானது. அப்பல்லோ அமேசர் 4ஜி லைஃப், எம்ஆர்எஃப் இசட்எல்எக்ஸ் போன்றவை இதில் வரும். இரண்டாம் வகை, சொகுசையும் ஈரச் சாலைப் பிடிப்பையும் சேர்த்துப் பார்ப்பது. மிஷெலின் ப்ரைமசி 4 எஸ்டி இதற்கு உதாரணம். மூன்றாவது, உயர் செயல்திறன் டயர். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா, அப்பல்லோ குழுமத்தின் வ்ரெடெஸ்டைன் அல்ட்ராக் வோர்ட்டி ஆகியவை இந்த வகை.

மூன்றாவது வகையில் ரப்பர் சாலையோடு நன்றாக ஒட்டும்படி கலக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டுச் சுவர் விறைப்பாக இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பும். அதிவேகச் சூட்டிலும் உருமாறாமல் இருக்க, பட்டனுக்கு, அதாவது சாலையைத் தொடும் வரிப்பகுதிக்கு, அடியில் நைலான் போன்ற இழைகளால் ஆன பட்டை சுற்றப்பட்டிருக்கும். பதிலுக்கு, இவ்வகை டயர் பொதுவாகச் சீக்கிரம் தேயும், விலையும் கூடும்.

ஏன் எல்லாமே நன்றாக அமைந்த ஒரு டயரைச் செய்ய முடியவில்லை? ஈரத்தில் பிடிக்க வேண்டுமானால் ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்தி, ஆற்றலை உறிஞ்ச வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமானால் உருளும்போது ஆற்றலை வீணாக்கக் கூடாது. நீண்ட நாள் உழைக்கக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். 1992இல் மிஷெலின், ரப்பரில் கலக்கும் கரிப்பொடியில் ஒரு பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்த டயரைக் கொண்டுவந்த பிறகு இந்த இழுபறி ஓரளவு தணிந்தது. முற்றிலும் தீரவில்லை.

ஆறு மீட்டரின் விலை

நம் டயர் கடைகளில் எழும் முதல் கேள்வி, ‘எத்தனை கிலோமீட்டர் வருமுங்க?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது, மழையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது. ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். ஒரு குடும்பத்தின் உயிர் அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல் பயணம் செய்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். ஈரச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டு கார்கள் ஒரே இடத்தில் பிரேக் அடிக்கின்றன. ஒன்று 30 மீட்டரில் நிற்கிறது, மற்றொன்றுக்கு 36 மீட்டர் தேவை. முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் சுமார் 33 கி.மீ. இருக்கும். அந்த இடத்தில் ஒரு பள்ளிப்பிள்ளை நின்றிருந்தால் ஆறு மீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று விளங்கும்.

வெளிநாட்டுச் சோதனைகளை எப்படிப் படிப்பது?

ஜெர்மனியின் ஏடிஏசி வாகன ஓட்டிகள் சங்கம் ஆண்டுதோறும் கோடை டயர்களை ஒப்பிடுகிறது. 2023 முதல் அது மதிப்பெண்ணில் 70 விழுக்காட்டை ஓட்டப் பாதுகாப்புக்கும் 30 விழுக்காட்டைச் சுற்றுச்சூழல் அம்சங்களுக்கும் ஒதுக்குகிறது. அதில் ஈரச் சாலை பிரேக் முடிவை முதலில் பாருங்கள். அது நமக்கும் பொருந்தும். ஆனால் அந்தச் சோதனைத் தளங்களில் எச்சரிக்கைப் பலகை இல்லாத வேகத்தடையும் மழைநீர் மூடிய குழியும் கிடையாது.

இப்படிப்பட்ட குழிகளில்தான் உயரம் குறைந்த பக்கச்சுவர் கொண்ட டயர் திணறும். குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சுவர் நசுங்கி உள்ளிழைகள் அறுந்தால் டயர் புடைத்துக்கொள்ளும். புடைத்த டயரைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அழகுக்காகப் பெரிய அலாய் வீலும் அகல டயரும் மாட்டுவதிலும் இன்னொரு ஆபத்து உண்டு. டயர் அகலமாக ஆக, தேங்கிய தண்ணீரின் மேல் வண்டி மிதக்கும் வாய்ப்பு கூடும். தயாரிப்பாளர் சொன்ன அளவை மாற்றாமல், அதே அளவில் ஈரப்பிடிப்பு மிகுந்த டயரைத் தேடுவதே நம் சாலைக்கு ஏற்றது. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது இரண்டாம் வகையில் கிடைத்துவிடும்.

பக்கவாட்டில் எழுதியிருப்பது

205/55 ஆர்16 91வி என்று இருந்தால்: அகலம் 205 மி.மீ., சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு, ரேடியல் அமைப்பு, ரிம் 16 அங்குலம். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதற்கான குறி. ‘வி’ என்றால் மணிக்கு 240 கி.மீ. வேகம் வரை, ‘எச்’ என்றால் 210 கி.மீ. வரை. கார் வந்தபோது இருந்ததைவிடக் குறைந்த குறியை வாங்காதீர்கள்.

தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2325 என்றால் 2025இன் 23ஆவது வாரம். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்து ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டானால் மாற்றவும் மிஷெலின் போன்ற நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்த டயரோடு கார் ஓட்டுவது சட்டப்படி தவறு. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்கவே கூடாது.

மாட்டிய பிறகு

விலையுயர்ந்த டயரும் காற்று குறைந்தால் கெடும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம் இது. காலையில், வண்டி ஓடும் முன் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவே சரியான அளவு. 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும். சூட்டில் ஏறியது என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியை மீட்பது சாதாரண ஓட்டுநருக்கு மிகக் கடினம்.

நமக்கும் அந்த எழுத்து வேண்டும்

இந்தியாவில் கார் டயருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உருளும்போது ஆகும் ஆற்றல் இழப்பு, ஈரப்பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு வைக்கும் ஏஐஎஸ் 142 தரத்தை மத்திய அரசு 2022இல் அறிவிக்கை செய்தது. நல்ல தொடக்கம். ஆனால் வரம்பைத் தொட்டதா என்பதுதான் அதில் தெரியும், எந்த டயர் மேல் என்பது தெரியாது. ஐரோப்பாவில் ஒவ்வொரு டயரின் ஈரப்பிடிப்பும் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை எழுத்தால் குறிக்கப்படுகிறது. வாங்குபவர் ஒரே பார்வையில் ஒப்பிடலாம்.

அரக்கோணம், பெரம்பலூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை என்று தமிழ்நாடெங்கும் டயர் ஆலைகள் நிற்கின்றன. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் கார் டயரில் அந்த எழுத்து இருந்தாக வேண்டும். உடுமலைக் கடைக்கு வரும் டயரிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். சட்டம் வரும்வரை நாமே கேட்கலாம். அடுத்த முறை டயர் வாங்கும்போது ஈரப்பிடிப்புத் தரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் நிறுவனத்தைக் கேட்பார். கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டால் நிறுவனம் சொல்லித்தான் ஆக வேண்டும்.