பொரும் பொறிகளில் மின்கலவடுக்குகளைப் பிணைத்தல்

பொறியும் பொறியும் மோதிப் பொருகின்ற விளையாட்டு மேலைநாடுகளிலே பெருங் கூட்டத்தைக் கவர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோ நகரில் 1994 ஆம் ஆண்டு ‘ரோபோட் வோர்ஸ்’ என்னும் போட்டி நடைபெற்றது. 1998 ஆம் ஆண்டு அதே பெயருடன் அது பிரித்தானியத் தொலைக்காட்சியில் இடம்பெற்றது. பின்னர் அமெரிக்காவில் எழுந்த ‘பற்றில்பொட்ஸ்’ போட்டியிற் பொரும் பெரும் பொறியொன்றின் நிறை 250 இறாத்தல், அதாவது 113 கிலோகிராம் வரை இருக்கலாம். போர் நிகழ்வதோ மூன்றே நிமிடம். அச்சிறு பொழுதில் சக்கரங்களையும் சுழலும் ஆயுதத்தையும் இயக்குதற்கு வேண்டிய ஆற்றல் முழுவதையும் பொறி தன் வயிற்றிலேயே சுமந்து செல்கின்றது.

தொடக்க காலப் பொறிகள் ஈய அமில மின்கலவடுக்குகளையும் நிக்கல் கட்மிய அடுக்குகளையும் சுமந்தன. இன்று அவற்றின் இடத்தை இலிதிய மின்கலவடுக்குகள் பெரும்பாலும் கைப்பற்றிவிட்டன. ஒரே நிறையில் இவை பன்மடங்கு ஆற்றலை அடக்கிவைத்திருக்கும். கேட்டவுடன் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை வழங்கும். இந்த வண்மையே இவற்றின் ஆபத்துமாகும். இவற்றின் உள்ளிருக்கும் மின்பகுபொருள் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானாலாயது. ஒரு கலம் அளவுகடந்து சூடேறினால் அச்சூடு மேலும் சூட்டைப் பிறப்பிக்கும். அடுத்த கலத்தையும் பற்றும். அவ்வேளை எழும் புகையில் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்களும் கலந்திருக்கும்.

ஓர் அடுக்கு போதாதவிடத்து இரண்டையோ பலவற்றையோ பிணைக்க நேரிடுகின்றது. பிணைக்கும் முறைகள் இரண்டு. ஒன்றன் நேர்முனையை மற்றதன் மறைமுனையுடன் தொடுப்பது தொடரிணைப்பு. நேர்முனைகளை ஒருங்கேயும் மறைமுனைகளை ஒருங்கேயும் கூட்டுவது சமாந்தர இணைப்பு. ஆறு கலங்கள் தொடராயமைந்த ஓர் இலிதியப் பொலிமர் அடுக்கை எடுத்துக்கொள்வோமாயின், அதன் பெயரளவு அழுத்தம் 22.2 வோல்ற்று, முழுதும் மின்னேற்றியபோது 25.2 வோல்ற்று. இரண்டைத் தொடராகப் பிணைத்தால் அழுத்தம் இரட்டித்து 50.4 வோல்ற்றாகும். சமாந்தரமாகப் பிணைத்தால் அழுத்தம் மாறாது, கொள்ளளவு இரட்டிக்கும். கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் இக்கணக்கு இரண்டு அடுக்குகளும் ஒத்தவை என்று எண்ணிக்கொண்டு போடப்படும் கணக்காகும். ஒவ்வாத இரண்டைப் பிணைக்கும்போதே கேடு புகுகின்றது.

சமாந்தர இணைப்பை நோக்குக. நீர்மட்டம் வேறுபட்ட இரு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால், மட்டம் ஒன்றாகும்வரை உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்கு நீர் பாயும். மின்கலவடுக்குகளிலும் அதுவே நிகழும். ஓர் அடுக்கு 25.2 வோல்ற்றிலும் மற்றது 21 வோல்ற்றிலும் இருப்பதாகக் கொள்க. வேறுபாடு 4.2 வோல்ற்று. இரண்டினதும் உட்டடையும் கம்பிகளின் தடையும் கூடி 0.04 ஓம் ஆயின், இணைத்த கணத்திலே 105 அம்பியர் பாயும். ஐந்து அம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள அடுக்கொன்றை வழக்கமாக ஐந்து அம்பியரிலேயே மின்னேற்றுவர். இங்கு அதனைப் போல இருபத்தொரு மடங்கு மின்னோட்டம், ஆளியொன்றும் திறக்கப்படாத நிலையிலேயே, தாழ்ந்த அடுக்கினுட் புகுகின்றது. வேறுபாடு 0.1 வோல்ற்றாயின் பாய்வதோ 2.5 அம்பியர் மாத்திரமே. ஆகவே பிணைக்கும் முன் ஒவ்வோர் அடுக்கையும் முழுதும் மின்னேற்றி, அழுத்தமானி கொண்டு அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

சமாந்தர அடுக்குகளில் ஒன்று அடிபட்டு உள்ளே குறுஞ்சுற்று ஏற்படுமாயின், மற்றது தன் ஆற்றலை அதனுட் கொட்டும். இதனைத் தடுக்க ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி உருகி அமைத்தல் நன்று. ஒருவழியே மின்னை விடும் இருவாயியையும் சிலர் கருதுவர். ஆயினும் 100 அம்பியர் பாயும்போது அரை வோல்ற்று அதில் இழக்கப்பட்டால் 50 உவாற்று வெப்பமாகும். மூடிய பொறிக்குள் அது புதியதொரு சுமையாகும்.

தொடரிணைப்பின் கேடு வேறு வகையினது. வலிய எருதுடன் மெலிந்த எருதைப் பூட்டினால் ஏர் நகரும். மெலிந்ததோ விழும்வரை இழுக்கப்படும். தொடரில் எல்லா அடுக்கிலும் ஒரே மின்னோட்டமே பாய்வதால், கொள்ளளவு குறைந்தது முதலில் வெறுமையாகும். மற்றது விடாது தள்ளுவதால், வெறுமையான அடுக்கின் கலங்கள் 3 வோல்ற்று என்னும் கீழெல்லையைக் கடந்து இறங்கும். முனை மாறுதலும் கூடும். மொத்த அழுத்தத்தை மட்டும் அளக்கும் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இதனை அறியாது. அவ்வாறு கெட்ட கலம் பின்னர் மின்னேற்றும் வேளையிலே தீப்பற்றக்கூடும். ஆதலின் ஒரே ஆக்கம், ஒரே கொள்ளளவு, ஒரே வயது உடைய அடுக்குகளையே தொடராகப் பிணைத்து, போரின் பின் ஒவ்வொரு கலத்தையும் அளந்து, சமநிலைக் கம்பிவழி சரிபார்த்து மின்னேற்ற வேண்டும்.

கம்பியமைப்பிலும் கவனம் வேண்டும். சமாந்தரக் கிளைகளின் கம்பிகள் ஒரே நீளமும் தடிப்பும் உடையனவாயிருந்தாற் சுமை சமமாகப் பங்கிடப்படும். உலோகத்தகட்டின் துளையூடு செல்லும் கம்பிக்கு இறப்பர் வளையம் இடாவிடில், அதிர்வினால் உறை தேய்ந்து குறுஞ்சுற்று நேரும். கரிநாரும் மின்னைக் கடத்துமென்பதை மறக்கலாகாது. தொடர்ப் பிணைப்புக் கம்பியும் சமாந்தரப் பிணைப்புக் கம்பியும் தோற்றத்தில் ஒத்திருப்பின் அவசரத்தில் மாறிப்போகும். எனவே வெவ்வேறு வடிவச் செருகிகளைப் பயன்படுத்துவது அறிவுடைமை. ஐம்பது வோல்ற்றைத் தொடுக்கும்போது கட்டுப்பாட்டுக் கருவியின் கொள்ளளவிகள் திடீரென நிரம்புவதாற் பொறி பறக்கும். முதலில் 100 ஓம் தடையியினூடாகத் தொடுப்பின் மின்னோட்டம் அரை அம்பியரளவில் அடங்கும்.

இவையனைத்தினும் மேலானது துண்டிக்கும் வழி. கையால் உருவியெடுக்கக்கூடிய இணைப்பாணி ஒன்று பொறியில் இருக்கவேண்டுமென்பது பல அரங்குகளின் விதி. தொடரிணைப்பில் எவ்விடத்து ஆணியை எடுத்தாலும் சுற்று அறும். சமாந்தரத்திலோ, ஒரு கிளையில் மட்டும் ஆணி இருப்பின் அதனை எடுத்த பின்னும் மற்றைக் கிளை ஆயுதத்துக்கு உயிரூட்டிக்கொண்டேயிருக்கும். ஆணி எல்லாக் கிளைகளும் கூடிய பின்னுள்ள பொதுக்கம்பியில் இருத்தல் வேண்டும்; சக்கரத்துக்கும் ஆயுதத்துக்கும் வெவ்வேறு அடுக்குகளாயின் இரண்டுக்கும் ஆணி வேண்டும்.

போர் முடிந்ததும் அரங்கின் கதவு திறக்கிறது. ஒருவர் குனிந்து, சற்று முன்வரை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழன்ற ஆயுதத்தின் அருகே கைநீட்டி ஆணியை உருவுகின்றார். விளக்கு அணைகின்றது. அவ்விளக்கு அணைந்தால் பொறி உண்மையிலேயே உயிரிழந்தது என்று அவர் நம்புகின்றார். அந்நம்பிக்கை பொய்யாகாதபடி கம்பிகளைப் பிணைத்திருப்பதே பொறி அமைப்பவரின் கடமையாகும்.