மாலையில் கும்மாளம், மலையில் நடுக்கம்!
பனிச்சறுக்குக்கு எந்த ஊர் நல்லது?

மாலை 4 மணி. ஆஸ்திரியா நாட்டில் செயிண்ட் ஆன்டன் என்று ஒரு மலை ஊர். ஊருக்கு மேலே, பனிச் சரிவின் ஓரத்தில், 'மூசர்விர்ட்' என்ற மதுக்கடை இருக்கிறது. உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. ஆண்களும் பெண்களும் ஆடுகிறார்கள். காலில் இருப்பதோ கல் போல் கனக்கும் பனிச்சறுக்கு பூட்ஸ்!

இருட்டத் தொடங்குகிறது. ஆட்டம் முடிகிறது. ஊர் கீழே இருக்கிறது. எப்படிப் போவது? வந்தது போலவேதான் போக வேண்டும். சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, மங்கிய வெளிச்சத்தில், மேடும் பள்ளமுமாகிவிட்ட சரிவில் இறங்க வேண்டும்.

கைதேர்ந்தவர்களுக்கு இது விளையாட்டு. அரைகுறையாகக் கற்றவர்களுக்கோ உயிர் போய் உயிர் வருகிற காரியம்.

இரண்டுங்கெட்டான் நிலை

ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் குடும்பம் குடும்பமாக ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ரோப் காரில் ஏறி மேலே போவார்கள். காலில் நீண்ட இரண்டு கட்டைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கிக் கீழே வருவார்கள். மறுபடி ஏறுவார்கள். நாள் முழுவதும் இதே வேலை. பொழுது சாய்ந்ததும் ஆட்டம், பாட்டம், விருந்து.

புதிதாகக் கற்பவர்களுக்குக் கவலை இல்லை. ஆசிரியர் கூடவே இருப்பார். தேர்ந்தவர்களுக்கும் கவலை இல்லை. நடுவில் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களுக்குத் திரும்பத் தெரியும், நிற்கத் தெரியும். ஆனால் சரிவு சற்றுச் செங்குத்தானால் முழங்கால் நடுங்கும். உடல் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் கட்டைகள் சொன்ன பேச்சைக் கேட்காது. பயமே விழ வைத்துவிடும்.

இப்படிப்பட்டவர்களில் பலருக்கு இரவுக் கேளிக்கையில் ஆசை அதிகம். மலைதான் பயம், மேளதாளம் பயம் இல்லை! ஆனால் கும்மாளத்துக்குப் பேர் போன ஊர்கள் சிலவற்றில் மலை கடுமையானது. மலை சாதுவாக உள்ள ஊர்கள் சிலவற்றில் இரவு 9 மணிக்கே ஊர் அடங்கிவிடும். ஆஸ்திரியாவில் ஓபர்குர்கல் என்ற உயரமான ஊர் இருக்கிறது. சரிவுகள் சாது, பனிக்கும் குறைவில்லை. ஆனால் கூத்து தேடிப் போகிறவர்கள் அங்கே கொட்டாவி விட வேண்டியதுதான்.

நிறத்தை நம்பலாமா?

சறுக்குப் பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் எளிது. சிவப்பு நடுத்தரம். கருப்பு கடினம். பிரான்சில் இவற்றோடு பச்சையும் உண்டு. அது மிகவும் எளிது. பொதுவாக, 100 அடி தூரத்துக்கு 25 அடி வரை இறங்கினால் நீலம். 40 அடி வரை இறங்கினால் சிவப்பு. அதற்கு மேல் கருப்பு.

கணக்கு சரிதான். ஆனால் ஓர் ஊரின் நீலமும் மற்றோர் ஊரின் நீலமும் ஒன்றாக இருப்பதில்லை. செயிண்ட் ஆன்டனின் நீலப் பாதைகள் சில வேறு ஊரில் சிவப்பு ஆகியிருக்கும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். பிரான்சில் உள்ள வால் டிசேர் ஊருக்கும் இதே பெயர் உண்டு. அங்கே மலை உச்சியில் சுலபமான சரிவுகள் நிறைய இருக்கின்றன. ஊருக்கு இறங்கும் பாதைதான் ஆளை அசர வைக்கும். நாள் முழுவதும் மகிழ்ச்சியாகச் சறுக்கியவர் கடைசி அரை மணியில் அழுதுவிடுவார்.

ஆகவே வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை மைல் பாதை என்பது அல்ல. மாலையில் ஊருக்குத் திரும்பும் பாதையின் நிறம் என்ன? அந்தப் பாதை வேண்டாம் என்றால் ரோப் காரில் இறங்க முடியுமா? இதைத்தான் பார்க்க வேண்டும்.

பயந்தவர்களுக்குப் பாடம் சொன்ன ஊர்

செயிண்ட் ஆன்டனைப் பற்றி இன்னொரு செய்தி. பயப்படுகிறவர்களுக்கும் பனிச்சறுக்கு வரும் என்று உலகுக்குக் காட்டியதே இந்த ஊர்தான்!

அருகிலுள்ள ஷ்டூபன் என்ற சிற்றூரில் 1890-ல் பிறந்தவர் ஹன்னஸ் ஷ்னைடர். 1907-ல் செயிண்ட் ஆன்டனுக்குப் பனிச்சறுக்கு ஆசிரியராக வந்தார். படிப்படியாகக் கற்றுக் கொடுக்கும் முறை ஒன்றை உண்டாக்கினார். முதலில் கட்டைகளின் முன் முனைகளைச் சேர்த்து, பின் முனைகளை விரித்து, வேகத்தை அடக்கப் பழக்கினார். பிறகு மெல்லத் திரும்புவது. பிறகு வேகமாகத் திரும்புவது. தகுதிக்கு ஏற்ப மாணவர்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தார். 'ஆர்ல்பெர்க் முறை' என்று அது உலகம் முழுவதும் பரவியது.

1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். ஷ்னைடரைச் சிறையில் அடைத்தார்கள். மறு ஆண்டு அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கேயும் ஆசிரியராக இருந்து, 1955-ல் காலமானார்.

அவர் பாடம் சொன்ன அதே மலையில்தான் இன்று நடுத்தரக்காரர்கள் நடுங்குகிறார்கள். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்கு இறங்கும்போது கூட்ட நெரிசல் வேறு!

மனத்துக்குப் பிடித்த சால்பாக்

ஆசையும் தீர வேண்டும், அச்சமும் இருக்கக் கூடாது என்பவர்களுக்கு சால்பாக் பொருத்தமான ஊர். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில், சுமார் 3,300 அடி உயரத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்த்து 270 கிலோ மீட்டர் சறுக்குப் பாதை. வெயில் படும் பக்கத்தில் அகலமான நீலப் பாதைகள் நிறைய உண்டு. அகலமாக இருந்தால் பாதி பயம் போய்விடும். திரும்ப இடம் இருக்கிறதே!

கேளிக்கைக்கும் குறைவில்லை. ஊருக்குச் சற்று மேலே 'ஹின்டர்ஹாக் ஆல்ம்' என்ற மரவீட்டில் மாலைதோறும் பாட்டு நடக்கும். அங்கிருந்து ஊருக்கு நெடுந்தூரம் இறங்க வேண்டியதில்லை. அதுவும் வேண்டாம் என்றால் சரிவின் அடிவாரத்திலேயே கடைகள் உண்டு. கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகலாம். நடந்தே ஓட்டலுக்குத் திரும்பலாம்.

மைர்ஹோஃபென் இன்னொரு விதம். ஊர் தாழ்வாக, 2,000 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டு மலைகள். பென்கன் மலையில் 'ஹராகிரி' என்ற பயங்கரச் சரிவு உண்டு. 100 அடிக்கு 78 அடி இறக்கம்! அதில் யாரும் கட்டாயமாகப் போக வேண்டியதில்லை. எதிரே உள்ள ஆஹோர்ன் மலை சாது. 160 பேர் ஏறக்கூடிய ரோப் கார் அங்கே போகிறது. மாலையில் பென்கன் மலையிலிருந்து பெரும்பாலோர் ரோப் காரில்தான் ஊருக்கு வருகிறார்கள். அதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். பயந்த சுபாவக்காரர்களுக்கு அதுவே வரம். எல்லோரும் பெட்டியில் இறங்கும்போது தான் மட்டும் இறங்கினால் வெட்கம் இல்லையே!

பெயரைக் கேட்டாலே நடுங்கும் கிட்ஸ்பூல்

கிட்ஸ்பூல் என்றால் 'ஷ்ட்ரைஃப்' பந்தயம்தான் நினைவுக்கு வரும். 1931 முதல் அங்கே ஹானன்காம் பந்தயம் நடக்கிறது. வீரர்கள் மணிக்கு 140 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்கிறார்கள். இதைக் கேட்டுப் பலர் அந்த ஊர்ப் பக்கமே போவதில்லை. ஆனால் அந்த மலைகளின் பெரும் பகுதி பசுவைப் போல் சாது! பந்தயப் பாதையின் கொடிய இடங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கக் குடும்பப் பாதை ஒன்று தனியாக இருக்கிறது. பழமையான அழகிய ஊர், இரவிலும் கலகலப்பு.

இரண்டு குறைகள் உண்டு. ஊர் தாழ்வானது, வெப்பமான குளிர்காலத்தில் பனி குறையும். ஜனவரியில் பந்தய வாரத்தில் அறை வாடகை கையைச் சுடும்.

இத்தாலியில் உள்ள லிவின்யோ ஊருக்குப் போவோரும் உண்டு. கிட்டத்தட்ட 6,000 அடி உயரம். பள்ளத்தாக்கின் இரு புறமும் அகலமான சரிவுகள். சுங்க வரி இல்லாத ஊர், மது மலிவு. போய்ச் சேரத்தான் மலைப்பாதையில் நெடுநேரம் பிடிக்கும். இத்தாலியில் 2022 முதல் குடித்துவிட்டுச் சறுக்குவது சட்டப்படி குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மலை மேலேயே குடித்தால் அபராதம் கட்ட வேண்டி வரும்.

கடைசிப் பெட்டி

காலையில் கடை திறப்பது போல் சரிவும் புதிதாக, வழவழப்பாக இருக்கும். பயந்தவர்களுக்கு அதுவே நல்ல நேரம். பிற்பகல் 3 மணிக்கு மேல் பனி குவிந்து மேடாகும். மார்ச் மாதத்தில் வெயிலில் இளகிச் சேறு போலாகும். பொழுது சாய்ந்ததும் கண்ணாடி போல் இறுகும். களைத்த கால்களுக்கு அது ஆகாது.

கணவர் வேகமாகப் போகிறவராகவும் மனைவி தயங்குகிறவராகவும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. "வா, ஒன்றும் ஆகாது" என்று சிவப்புப் பாதைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சண்டையில் முடிந்த விடுமுறைகள் ஏராளம். அவர் சறுக்கி வரட்டும். அவர் மனைவி பெட்டியில் இறங்கட்டும். கீழே சந்தித்துக்கொள்ளலாம்.

ஆனால் ரோப் காரின் கடைசி நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். பல மலைகளில் மாலை 4 அல்லது 5 மணியோடு ரோப் கார் நின்றுவிடும். மேலே பாட்டில் மயங்கி அதைத் தவறவிட்டால் இருட்டில் சறுக்கித்தான் வர வேண்டும். பாதை மூடிய பிறகு பனியைச் சமப்படுத்தும் பெரிய யந்திரங்கள் சரிவுக்கு வருகின்றன. செங்குத்தான இடங்களில் அவற்றை நீண்ட இரும்புக் கம்பியில் கட்டி இயக்குகிறார்கள். பனியில் கிடக்கும் கம்பி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. யந்திரம் நகரும்போது அது சடாரென்று விறைத்து மேலே எழும். குறுக்கே வருகிறவர் தப்புவது அரிது. மாலையில் பாதை மூடியது என்ற பலகையை அதனால்தான் வைக்கிறார்கள்.