32 பைசாவுக்கு 1,062 ரூபாய்

காரின் ஏசி வென்ட்டில் உடைவது பெரும்பாலும் ஒரே ஒரு தகடு. நீளம் 90 மில்லிமீட்டர், அகலம் 15, தடிமன் ஒன்றரை என்று கொண்டால் கன அளவு சுமார் 2 கன சென்டிமீட்டர் வரும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.05. ஆக, தகட்டின் எடை 2.1 கிராம். மூலப்பொருளைக் கிலோ 150 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் விலை 32 பைசா. அந்தத் தகட்டை மட்டும் கேட்டால் உதிரிபாகக் கவுன்டரில் கையை விரிப்பார்கள். வென்ட்டை முழுசாகத்தான் விற்பார்கள்.

விலை காருக்குக் கார் மாறும் என்பதால் கணக்குப் போடச் சுலபமான ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். வென்ட் ஒன்று 500 ரூபாய், மாட்டும் கூலி 400. உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 90 ரூபாய். கூலிக்கும் அதே 18 சதவீதம், 72 ரூபாய். மொத்த பில் 1,062. இதில் கூலியும் அதன் வரியும் மட்டும் 472 ரூபாய், அதாவது 44 சதவீதம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு உதிரிபாகத்துக்கு 28 சதவீதம் வரி இருந்தது. அப்போது இதே பில் 1,112 ஆகியிருக்கும். வரிக் குறைப்பில் மிஞ்சியது 50 ரூபாய். கழற்றி மாட்டத் தெரிந்தால் மிஞ்சுவது 472. கைவேலை எங்கே காசாகிறது என்பதற்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

உடைவது ஏன்? வெயிலில் உருகிவிட்டது என்று சொல்வது வழக்கம். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 38 டிகிரி தாண்டிய நாட்களில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் காட்டியது. நிழலில் நின்றவற்றில் 48. நம் கத்திரி வெயிலுக்கும் இந்த எண்களை ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். ஏபிஎஸ் இளகத் தொடங்குவது 105 டிகிரி வாக்கில்தான். 69-இல் அது உருகாது. ஆனால் 25-இலிருந்து 69 வரை ஏறும்போது 10 சென்டிமீட்டர் நீளத் துண்டு சுமார் 0.35 மில்லிமீட்டர் நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. கூடவே அதிலிருக்கும் ரப்பர் கூறை வெயிலும் காற்றும் சேர்ந்து தின்கின்றன. பத்து வருடக் காரில் வளைய வேண்டிய இடம் வளையாமல் முறிவது இதனால்தான்.

வெயிலைவிடப் பெரிய எதிரி வென்ட்டில் மாட்டும் போன் ஹோல்டர். கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா 232 கிராம். ஹோல்டரோடு 300 கிராம் என்று வையுங்கள். அந்த எடை தகட்டிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. கவ்விப் பிடிக்கும் ஆழமோ ஒன்றரை சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்கில் தகட்டின் மேல் விழும் விசை நான்கு மடங்கு, 1.2 கிலோ. பள்ளத்தில் வண்டி மூன்று மடங்கு விசையோடு குதித்தால் 3.6 கிலோ. தாங்குவது இரு முனையிலும் உள்ள 2 மில்லிமீட்டர் முட்கள். காற்றைத் திருப்பச் செய்த தகட்டைச் சுவர் ஆணியாக்கினால் அது வேறென்ன செய்யும்?

சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடலாமே என்பார்கள். முறிந்த முள்ளின் குறுக்குப் பரப்பு 3.14 சதுர மில்லிமீட்டர்தான். பசை கொஞ்சம் அதிகமானால் தகடு திரும்பாமல் இறுகிவிடும், கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமும் படரும். முப்பரிமாண அச்சில் எடுக்கிறவர்கள் பிஎல்ஏ இழையைத் தவிர்க்க வேண்டும். அது 60 டிகிரியிலேயே தளரும், டாஷ்போர்டோ 69. பிஇடிஜி 80 வரை தாக்குப்பிடிக்கும். ஏஎஸ்ஏ 100-ஐத் தொடும் என்பதால் என் ஓட்டு அதற்கே. சென்னை புதுப்பேட்டையில் பழைய வென்ட் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதுவும் உங்கள் வண்டியளவு வெயில் பார்த்த பிளாஸ்டிக். கிளிப்புகள் ஒருமுறை ஏற்கெனவே நெம்பி எடுக்கப்பட்டவை. வாங்கும் முன் நான்கு கிளிப்பையும் விரலால் அழுத்தி, வெண்மையாகக் கீறல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கழற்றும் வேலை காரைப் பொறுத்தது. ஓரத்து வென்ட்டுகள் பல கார்களில் கிளிப்பில் மட்டும் நிற்கின்றன. அரை மணி நேரத்துக்குள் முடியும். நடு வென்ட்டுக்கு ஸ்டீரியோவைச் சுற்றிய சட்டம் முழுவதும் வர வேண்டியிருக்கலாம், பின்னால் ஹசார்டு சுவிட்சின் வயரும் இருக்கும். பயணி பக்கம் ஏர்பேக் உண்டு. இந்தியாவில் புதிய மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். அதன் அருகே கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா கையேடுகள் சொல்வது குறைந்தது 90 விநாடி. உங்கள் காரின் கையேடு அதிகம் சொன்னால் அதையே கேளுங்கள்.

ஸ்குரூ டிரைவர் வேண்டாம். அது டாஷ்போர்டில் போடும் பள்ளத்துக்கு வென்ட் விலையில் தீர்வு கிடையாது. விளிம்பைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். குளிர்ந்த காலையில் செய்யாமல் வண்டி மிதமாகச் சூடேறிய வேளையில் செய்தால் கிளிப் வளைந்துகொடுக்கும். குழாய் வாயைச் சுற்றிய ஸ்பான்ஜ் பட்டை உதிர்ந்திருந்தால் புதிதாக ஒட்டிவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் குளிர்காற்றில் ஒரு பங்கு டாஷ்போர்டுக்குள்ளேயே போகும்.

நிறம் ஒத்துப்போனால் உடைந்த ஒன்றை மட்டும் மாற்றுவது போதும். நான்கு வென்ட்டையும் மாற்றினால் பொருளுக்கு மட்டும் 2,360 ரூபாய். கழற்றிய வென்ட்டைக் குப்பையில் போட வேண்டாம். ஒன்பது தகட்டில் ஒன்று உடைந்ததென்றால் மீதி எட்டும் அதில்தான் இருக்கின்றன, கவுன்டரில் கிடைக்காத அதே 32 பைசாச் சரக்கு.