"நெட் வருதில்ல" என்றால் எங்கே தேடுவது?

இலக்கிய ஏட்டில் ரவுட்டருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எங்களூர் வாசிகசாலையில் எட்டுக் கணனிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஆறு வருடங்களாக என் தலையில் இருக்கிறது. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். வலையமைப்பை முறைப்படி படித்தவனல்ல, தெரிந்ததெல்லாம் பிழைவிட்டுப் படித்ததுதான். அப்படி நான் விட்ட பிழையொன்றால் ஒரு பையனின் கூலி ஒன்பது நாள் தடைபட்டது. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது சரியில்லை.

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்து, பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த நாட்கள். வாசிகசாலைக்குப் புதிதாக வயர் இழுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. காலையில் திறந்தால் நாலு கணனிகளில் இணையம் வரும், நாலில் வராது. அடுத்த நாள் வேறு மூன்றில் வராது. "நெட் வருதில்ல சேர்" என்று பிள்ளைகள் எழும்பி எழும்பிப் போனார்கள். ஒரு பிள்ளை வாப்பாவோடு பஸ் ஏறி டவுனுக்குப் போய்த்தான் விண்ணப்பத்தை அனுப்பியது.

நான் யோசிக்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வயர் இழுத்தவன் ஒழுங்காகச் செய்யவில்லை. "மிச்சக் காசு இப்ப இல்ல தம்பி, எல்லாத்தையும் திரும்ப அடிச்சுத் தா" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் வந்து, பதினாறு முனைகளையும் வெட்டி, புதுப் பிளக் போட்டு அடித்துத் தந்தான். கோளாறு அப்படியே இருந்தது.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சபைக்காரர்களுக்கு ஏசுமுன் குழாய், தாங்கி, கேட்டடி வால்வு என்று வரிசையாகப் பார்ப்போம். வலையமைப்பும் அப்படித்தான். நம் கணனியில் தொடங்கி வெளியே போகவேண்டும். நான் நடுவில் பாய்ந்தேன்.

முதலில் வயர். வயர் செருகுமிடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். உள்ளே எட்டு இழைகள். பெரும்பாலும் பாவிக்கும் ஒழுங்கு இது: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். செம்மஞ்சளும் பச்சையும் சரியாக இருந்தாலே 100 மெகாபிட் வேகத்தில் ஓடிவிடும், 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே விளக்கு எரிந்தும் வேகம் குறைவென்றால் பிளக்கைச் சந்தேகிக்கலாம். நீளம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது. எங்கள் எட்டுக் கணனிகளிலும் விளக்கு எரிந்தது. நேற்று வராத கணனியில் இன்று இணையம் வந்தது. வயர் பிழையென்றால் அதே கணனியில்தானே தினமும் வராமல் இருக்கவேண்டும்? அந்த இடத்திலேயே பையன்மீதிருந்த சந்தேகம் எனக்குப் போயிருக்க வேண்டும்.

அடுத்தது முகவரி. விண்டோஸில் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, ஆங்கில எழுத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் இரண்டு இலக்கங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று கணனியின் ஐ.பி. முகவரி. மற்றது கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரி. கணனி விழித்ததும் "எனக்கொரு முகவரி தாங்க" என்று வலையமைப்பு முழுவதற்கும் கேட்கக் கூப்பிடும். ரவுட்டருக்குள் இருக்கும் டி.எச்.சி.பி. என்ற சேவை ஓர் இலக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கும், வாசல் எது என்பதையும் சொல்லும். ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் இலக்கமொன்றைப் போட்டுக்கொள்ளும். அதைக் கண்டால் கணனி ரவுட்டரோடு பேசவேயில்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் வேலைசெய்த மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்னக் கட்டளை. நீர்மூழ்கிகளைத் தேட ஒலியனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் சோனார் கருவியின் சத்தத்தைத்தான் அதற்குப் பெயராக வைத்தார். முதலில் கேட்வேயைப் பிங் பண்ணுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் சரி. பிறகு 8.8.8.8, இது கூகிள் நடத்தும் பெயர் தேடும் சேவையின் இலக்கம். அதுவும் வந்தால் வெளிவழியும் சரி. கடைசியாக ஓர் இணையத்தளத்தின் பெயர். இலக்கத்துக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை இலக்கமாக்கும் டி.என்.எஸ். தான் கோளாறு. ஒரு விசயம்: பிங்குக்குப் பதில் சொல்லாதபடி சில கருவிகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். பதில் வந்தால் உறுதி, வராவிட்டால் சந்தேகம் மட்டும்தான்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் ஒரு கொப்பியை எடுத்து எட்டுக் கணனிகளின் இலக்கங்களையும் எழுதினேன். இணையம் வந்தவற்றில் கேட்வே 192.168.1.1. வராதவற்றில் 192.168.0.1. ஒரே அறைக்குள் இரண்டு வாசல்! இரண்டாவது எங்கேயிருந்து வந்தது?

அலுமாரிக்கு மேலே. வயர் இழுத்த அன்று செருகுவதற்கு இடம் போதவில்லையென்று, வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை நான்தான் கொண்டுவந்து இடையில் பொருத்தினேன். அதன் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்த மறந்துபோனேன். கணனி முகவரி கேட்க, இரண்டு பெட்டிகளும் பதில் சொல்லியிருக்கின்றன. எந்தப் பதில் முந்தியதோ கணனி அதை எடுத்துக்கொண்டது. பழைய பெட்டிக்கு வெளியே போக வழியே இல்லை.

திருத்தப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. பழைய பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் டி.எச்.சி.பி.யை நிறுத்தினேன். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். வயர் அதன் லேன் துளையில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வேன் துளையில் போட்டால் அது தன் பாட்டில் தனி வலையமைப்பொன்றை நடத்தத் தொடங்கிவிடும். கணனிகளை நிறுத்திப் போட்டதும் எட்டிலும் இணையம் வந்தது.

அன்றிரவே மிச்சக் காசையும், இரண்டாம்தரம் அடித்ததற்கான கூலியையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பழைய பெட்டிய நான் அண்டைக்கே கண்டன் சேர்" என்றான். "நீங்க வெச்சதெண்டுதான் ஒண்டும் கேக்கல்ல."

இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் அதன் முகவரியும், டி.எச்.சி.பி. உண்டா இல்லையா என்பதும் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுத்து அவனுடையது.